மிதவையின் பின்னறை

தண்ணீர் எடுத்தாயா இல்லையா என்று என் தம்பி மிலானிடம் கேட்காத ஆள் இந்த அக்கரப்பத்தனையில் இனி பாக்கியில்லை. பொலிசு கேட்டது. விமானக் கம்பனி கேட்டது. கொழும்பிலிருந்து வந்த விசாரணைக்காரர்கள் கேட்டார்கள். பாதர் கேட்டார். ரொட்டிக் கடை வாசலில் பீடி குடித்துக்கொண்டிருந்தவன்கூடக் கேட்டான், அவனுக்கு என்ன வந்ததோ. நானும் கேட்டேன், அதுவும் லயத்து வரிசையில் பக்கத்துக் காம்பரா வீட்டுக்குக் கேட்கும்படி சத்தம் போட்டுக் கேட்டேன். ஒரு மனிதன் செத்துப்போனதால் வந்த கேள்வி இது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. ஆளாளுக்கு ஒரு கதை கட்டுவதற்கு முன் என் தம்பி எப்படிப்பட்டவன் என்று நானே சொல்லிவிடுகிறேன்.

நான் கேத்ரின். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் தரம் நாலுக்குப் படிப்பிக்கிறேன். வாயாடி டீச்சர் என்று பின்னால் சொல்வார்கள், இருக்கட்டும். மிலான் எனக்கு ஒரே தம்பி. அப்பா மத்தியாஸ், ஃபெக்டரியில் இலை வாட்டும் மாடியில் வேலை செய்தவர், அங்கேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து போய்விட்டார். அம்மா பவுலின் கொழுந்து எடுத்து எங்கள் இருவரையும் ஆளாக்கினாள். இப்போது அவளுக்குக் காது மந்தம். நடந்ததில் பாதி அவளுக்குத் தெரியாது. மீதிப் பாதியை நான் சொல்லவில்லை.

விமான வேலைக்காரன் என்றதும் ஒரு பத்திரிகைக்காரப் பையன் வந்து, "சின்ன வயசுலயே வானத்த அண்ணாந்து பாத்துக்கிட்டே இருப்பாரா?" என்று கேட்டான். இங்கே பாதி வருஷம் மூடுபனி. எங்கே போய் எந்த வானத்தை அண்ணாந்து பார்ப்பது? மிலான் குனிந்த தலை நிமிராத பையன். மறைக்கல்வி வகுப்புக்கு யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று பாதர் சொல்லாமலே இடாப்பு போட்டு வைப்பான். அவனுக்கு இருந்த ஒரே ஆசை, எதையும் எழுதிவைக்க வேண்டும் என்பதுதான்.

உயர்தரத்தில் பல்கலைக்கழகம் போகப் புள்ளி போதவில்லை. எங்கள் பையன்கள் எல்லோரும் போகிற வழியிலேயே அவனும் கொழும்புக்குப் போனான், ஒரு ஹார்ட்வெயார் கடையில் பில் எழுதினான். அங்கே சாமான் வாங்க வந்த ஒரு சிங்கள மாத்தயா, விமானக் கொட்டகை ஒன்றின் ஸ்டோர்ஸ் பொறுப்பாளர், இவனுடைய எழுத்தைப் பார்த்துவிட்டுக் கையோடு அழைத்துக்கொண்டு போனார். அப்படித்தான் என் தம்பி விமானத்துக்குப் போனான். கையெழுத்து நன்றாக இருந்ததால் போனான்.

முதலில் சில வருஷம் எழுத்து வேலைதான். எந்தச் சாமான் எங்கிருந்து வந்தது, எந்த விமானத்தில் பூட்டினார்கள், யார் பூட்டியது, யார் பார்த்தது என்று எழுத வேண்டும். "அக்கா, அங்க ஒரு திருகாணிக்கும் பொறப்புச் சாட்சிப் பத்திரம் இருக்கு" என்று லீவில் வந்து சொன்னபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. இந்த லயத்தில் எத்தனை பேர் அந்தப் பத்திரம் இல்லாமல் அடையாள அட்டைக்கு அலைந்திருக்கிறார்கள் என்று எனக்குத்தானே தெரியும். திருகாணி கொடுத்துவைத்தது.

எழுதாத வேலை செய்யாத வேலை, இதுதான் அங்கே முதல் பாடமாம். அதை அவன் வேதவாக்காக எடுத்துக்கொண்டான். ஒருமுறை வீட்டுக்கு வந்தபோது பிரஷர் குக்கரின் ரப்பர் வளையம் தேய்ந்திருப்பதைக் கண்டு, சிவப்பு அட்டை ஒன்றில் 'பாவிக்கக் கூடாது' என்று எழுதிக் கைப்பிடியில் கட்டிவிட்டான். அம்மா அதை அவிழ்த்துவிட்டுப் பருப்பைப் போட்டாள். "ஏங்கம்மா, அத அவுக்குறதுன்னா மொதல்ல வளையத்த மாத்தணும், அப்பறம் மாத்துனேன்னு எழுதணும்" என்று அவன் பின்னாலேயே நின்றான். "ஒனக்குப் பருப்பு வேணுமா வேணாமா?" என்றாள் அம்மா. அந்த வீட்டில் அப்போது சிரிப்பு இருந்தது.

பிறகு பரீட்சைகள் எழுதினான். ஸ்டோர்ஸிலிருந்து ஸ்பேனர் பிடிக்கும் பக்கம் போனான். கடைசியில் அவனுக்கென்று ஒரு முத்திரை கிடைத்தது. விரல் நுனியளவு ரப்பர், அதில் அவனுடைய இலக்கம். ஒரு வேலை சரியாக நடந்திருக்கிறது, விமானம் பறக்கலாம் என்று அந்த முத்திரையைக் குத்தினால் அதற்கு அவன்தான் பொறுப்பு. அம்மா பூசை கொடுத்தாள். நான் பள்ளிக்கூடத்தில் டொஃபி கொடுத்தேன்.

கம்பனி அட்டன் பக்கத்து நீர்த்தேக்கத்தில் வெளிநாட்டுக்காரர்களைக் கொண்டுவந்து இறக்க ஒரு விமானம் விட்டபோது, அதைப் பராமரிக்க மிலானை அங்கே போட்டார்கள். தண்ணீரில் இறங்கும் விமானம் அது. சக்கரத்துக்குப் பதிலாக இரண்டு நீளமான மிதவைகள். மிதவைக்குள் அறை அறையாகத் தடுத்திருப்பார்கள், ஓர் அறையில் தண்ணீர் புகுந்தாலும் மற்ற அறைகள் தாங்கும். தண்ணீரில் கிடக்கிற எதற்குள்ளும் கொஞ்சம் கசியத்தான் செய்யும். அதனால் தினமும் காலையில் ஒவ்வோர் அறையின் மூடியையும் திறந்து, கைப்பம்பை உள்ளே விட்டுத் தண்ணீரை எடுக்க வேண்டும். வழக்கமான அளவு வந்தால் சரி. கூட வந்தால் எங்கோ ஓட்டை. அன்றைக்கு விமானம் பறக்காது.

இந்த வேலைக்கு இரண்டு பேர். டயகமக்காரப் பையன் திலக்ஷன் மிதவையில் நின்று தண்ணீர் எடுப்பான். எடுத்து எடுத்துச் சத்தமாகச் சொல்வான், "எடது ஒண்ணு, சரி! எடது ரெண்டு, சரி!" என்று. மிலான் துறையில் நின்று பார்த்துத் தாளில் குறிப்பான். செய்தவன் கட்டத்தில் திலக்ஷன் பெயர், பார்த்தவன் கட்டத்தில் மிலானின் முத்திரை. ஒருத்தன் கண் தவறவிட்டதை இன்னொருத்தன் கண் பிடிக்கும் என்பதற்காகத்தான் அந்த இரண்டு கட்டங்கள்.

விமானத்தை இழுத்துக் கட்டவும், ஆட்களைக் கைபிடித்து இறக்கவும் துறையில் ஒரு ஆள் வேண்டும் என்றார்கள். மிலான் எங்கள் லயத்துச் சின்னராசா அண்ணனைக் கொண்டுபோய் விட்டான். மலையில் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்த மனிதர். நீச்சல் தெரியாது, இங்கே யாருக்குத் தெரியும்? ஆனால் வெள்ளைச் சட்டை கொடுத்தார்கள் என்று அவருக்குச் சந்தோஷம். அவருடைய மனைவி அம்மாக்கண்ணு அக்கா அந்தச் சட்டைக்கு நீலம் போட்டுக் காயவைப்பாள். மகள் நிலக்ஷி என் வகுப்பில் படிக்கிறாள்.

இனி எங்கள் மலை வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அது தெரியாதவர்களுக்கு என் தம்பி செய்தது கள்ளமாகத்தான் தெரியும். ஒரு நாள் கூலியை இங்கே 'பேர்' என்போம். கொழுந்து நிறுக்கும்போது நிறை குறைந்தால் அரைப் பேர்தான் விழும். பிள்ளைத்தாய்ச்சியோ, காய்ச்சல்காரியோ குறைவாகக் கொண்டுவந்து நின்றால், பக்கத்தில் நிற்கிறவள் தன் சாக்கிலிருந்து இரண்டு கை கொழுந்தை அள்ளி அவள் சாக்கில் போட்டுவிடுவாள். கணக்கப்பிள்ளை அந்த நேரம் பார்த்துத் தொண்டையைச் செருமிக்கொண்டு திரும்பிக்கொள்வார். அம்மா அப்படி எத்தனையோ பேருக்குப் போட்டிருக்கிறாள், நான் வயிற்றில் இருந்தபோது அவளுக்கும் போட்டிருக்கிறார்கள். இதைக் களவு என்று யாரும் சொன்னதில்லை. போடாதவளைத்தான் நெஞ்சழுத்தக்காரி என்று பேசுவார்கள்.

அந்த மழைக்காலத்தில் ஒரு காலை. லிந்துலைப் பக்கம் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது. திலக்ஷன் அதற்குள் இருந்தான். ஏற்கெனவே பல தடவை பிந்தியதற்கு அவனுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்திருந்தது, இன்னொரு தடவை என்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். பிறந்த குழந்தையை வைத்துக்கொண்டிருக்கிறவன். போனில் கெஞ்சினான். "அண்ணே, மண்ணு சரிஞ்சிருச்சிண்ணே. இன்னைக்கி மட்டும் எம் பேர போட்டுருங்கண்ணே, ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

"சரி, வந்து சேரு" என்றிருக்கிறான் மிலான்.

அவ்வளவுதான் பேச்சு. அந்த அழைப்பு வரும்போது, அவனைக் காணோமே என்று மிலான் தானே பம்பை எடுத்துக்கொண்டு இடது மிதவையில் நின்று தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்தான். பேசி முடித்தான், வலது மிதவையையும் முடித்தான், தாளில் எல்லா அறைக்கும் 'வழமை' என்று எழுதினான். செய்தவன் கட்டத்தில் திலக்ஷன் பெயரைப் போட்டான். பார்த்தவன் கட்டத்தில் தன் முத்திரையைக் குத்தினான். கொழுந்தை யார் பறித்தாலும் ஃபெக்டரிக்குப் போனால் தேயிலைதான். இன்னொரு ஜோடிக் கண்ணை அப்படி அள்ளிப் போட முடியாது என்று இத்தனை வருஷம் படித்தவனுக்கு அந்த நேரத்தில் உறைக்கவில்லை. உறைத்திருந்தால் திலக்ஷனை நெஞ்சழுத்தத்தோடு கைவிட்டிருப்பானா? எனக்குத் தெரியவில்லை. கைவிட்டிருந்தால் நானே அவனைத் திட்டியிருப்பேன்.

விமானம் போனது, மத்தியானம் ஆட்களோடு வந்து இறங்கியது. எல்லோரும் இறங்கிப் போனார்கள். சின்னராசா அண்ணன் கட்டிவைத்தார். மிலான் மேலே கந்தோர் மேசையில் எழுதிக்கொண்டிருந்தான். திலக்ஷன் ஒருவழியாக வந்து சேர்ந்து அவன் பக்கத்தில் ஈரத்தோடு நின்றான். மழை கனத்த நேரம் விமானம் இடது பக்கமாகச் சாயத் தொடங்கியிருக்கிறது. சின்னராசா அண்ணன் யாரையும் கூப்பிடாமல், இன்னொரு கயிற்றைப் போட்டு இழுத்துப் பிடிக்கலாமென்று மிதவையில் தாவியிருக்கிறார். வால் பக்கம் அமிழ்ந்தது, இறக்கை அவர்மேல் வந்தது. மிலானும் திலக்ஷனும் ஓடிவந்தபோது வெள்ளைச் சட்டை தெரியவில்லை. அடுத்த நாள்தான் எடுத்தார்கள்.

மிதவையைக் கரையேற்றிப் பார்த்தபோது இடது பக்கத்துப் பின்னறையில் ஒரு வெடிப்பு இருந்தது. அன்று மத்தியானம் தண்ணீரில் மிதந்த கட்டையில் பட்டு வெடித்ததா, அதற்கு முன்பே இருந்ததா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. முன்பே இருந்திருந்தால் காலையில் பம்பு வைத்தபோது தண்ணீர் கூட வந்திருக்கும். அதனால் எல்லாம் ஒரே கேள்வியில் வந்து நின்றது. இடது மிதவையின் பின்னறையில் அன்று காலை தண்ணீர் எடுத்தாயா? எடுத்து, அது வழமை என்றால் யார்மேலும் குற்றமில்லை. எடுக்கவில்லை என்றால் என் தம்பி ஒரு மனிதனைக் கொன்றவன்.

பொலிசு திலக்ஷனைத்தான் முதலில் பிடித்தது, தாளில் அவன் பெயர் இருந்ததே. மிலான் ஒரு நிமிஷமும் யோசிக்காமல், "அவன் அப்ப பஸ்ஸுல இருந்தான். எழுதுனது நான்" என்று சொல்லிவிட்டான். அந்த மட்டில் என் தம்பி ஆண்பிள்ளை.

செத்த வீட்டில் மிலான் அழவில்லை. நானும் அழவில்லை. மழை பெய்தது, குடை பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மாக்கண்ணு அக்கா மார்பில் அடித்துக்கொண்டு அழுததைப் பார்த்தேன், ஒரு மரத்தைப் பார்ப்பதுபோல்தான் பார்த்தேன். எனக்குள் ஏதோ அறுந்து போயிருந்தது. வீட்டுக்கு வந்து சோறு வடித்தேன். மறுநாள் பெருக்கல் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தேன். பிள்ளைகள் சொன்னார்கள், நானும் சொன்னேன். அப்படியே நாட்கள் போயின.

சும்மா இருப்பார்களா நம் ஆட்கள்? அண்ணன் வயிற்றில் கொஞ்சம் சாராயம் இருந்ததென்று வைத்தியரின் அறிக்கையில் இருந்தது. கொட்டுகிற மழையில் ஏரிக்கரையில் நிற்கிற மனிதன் ஒரு வாய் குடித்ததுதான். அதுபோதும் கம்பனிக்கு. குடித்துவிட்டு ஏறினான், அவன் பாரத்தில்தான் சாய்ந்தது என்று மெனேஜர் மாத்தயா சொன்னது லயத்துக்கு வந்து சேர்வதற்குள், சின்னராசா போத்தலோடு ஆடிக்கொண்டே ஏறினார் என்று ஆகிவிட்டது. என் வகுப்பிலேயே நிலக்ஷியைத் 'தண்ணிக்காரன் மகள்' என்று ஒருவன் கூப்பிட்டான். அவன் காதைத் திருகினேன். அடுத்த நாளிலிருந்து நிலக்ஷி வரவில்லை.

விசாரணைக்கு முந்திய வாரங்களில் மிலான் வீட்டில்தான் இருந்தான். வாசல் பக்கத்து இஸ்தோப்பில் உட்கார்ந்திருப்பான். சாப்பாடு வைத்தால் சாப்பிடுவான், வைக்காவிட்டால் கேட்க மாட்டான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

"எத்தன வருஷமாடா இந்த வேல பாக்குற? ஒரு நாளாவது தண்ணி எடுக்காம விட்டுருக்கியா?"

"இல்லக்கா."

"அப்ப அன்னைக்கும் எடுத்திருப்ப."

"எடுத்திருப்பேங்குறது வேற, எடுத்தேங்குறது வேறக்கா."

"ஐயோ மாதாவே! ரெண்டுக்கும் நடுவுல என்னாடா இருக்கு?"

 அவன் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான். "கோல் வந்தப்ப நான் எடது மிதவையில நின்னேன். எந்த அறையில நின்னேன்னு தெரியல. பேசிட்டு போனப் பைக்குள்ள வச்சேன். அடுத்தது எடுத்தேனா, இல்ல எடுத்தாச்சின்னு நெனச்சிக்கிட்டு வலது பக்கம் போனேனான்னு தெரியல. தினமும் திலக்ஷன் சத்தம் போடுவான், அந்தச் சத்தந்தான் எனக்குக் கணக்கு. அன்னைக்கி சத்தமே இல்லக்கா. அதுக்கு மொத நாளு எடுத்தது ஞாபகம் வருது, அதுக்கு முந்துன நாளு எடுத்தது ஞாபகம் வருது, எல்லாம் ஒரே மாதிரி இருக்கு."

"எடுத்தேன்னு சொல்லு. ஒன்னய யாரும் பொய்யின்னு சொல்ல முடியாது."

"ஆமா, முடியாது" என்றான். "நான்தான் பேர மாத்தி எழுதிட்டேனே. இனி நான் என்னா எழுதுனாலும் நெசமுன்னும் சொல்ல முடியாது."

நான் பாத்திரத்தைத் தூக்கி அடித்தேன். அது இஸ்தோப்பில் உருண்டு போய் நின்றது. அவன் எழுந்துபோய் எடுத்துக்கொண்டு வந்து கழுவி வைத்தான்.

விசாரணை அட்டனில் ஒரு மண்டபத்தில் நடந்தது. வீட்டாரும் உட்காரலாம் என்றார்கள். நான் ஒரு மூலையில், அம்மாக்கண்ணு அக்கா இன்னொரு மூலையில். கேள்வி கேட்ட பெரியவர் நல்ல மனிதர், சத்தமே போடவில்லை. தமிழில் மொழிபெயர்க்க ஆள் வைத்திருந்தார்கள், மிலானுக்கு அது தேவைப்படவில்லை. சிங்களத்திலேயே பதில் சொன்னான். இடது மிதவை, பின்னறை, தண்ணீர் எடுத்தீர்களா?

"எனக்குத் தெரியாது சேர்."

"வழமை என்று எழுதியிருக்கிறீர்கள்."

"எழுதினேன்."

"பார்க்காமலா எழுதினீர்கள்?"

"தெரியாது சேர்."

எடுத்தேன் என்று ஒரு சொல், ஒரே ஒரு சொல். அவன் சொல்லவில்லை. பெரியவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். முத்திரையைக் கேட்டார்கள். மிலான் சட்டைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்துவிட்டு, வாங்கிக்கொண்டதற்கு ஒரு கையெழுத்துக் கேட்டான். அதையும் கொடுத்தார்கள். திலக்ஷனுக்கு வேலை போனது, அவன் மட்டக்களப்புப் பக்கம் மாமனார் வீட்டுக்குப் போய்விட்டான். கடைசியில் வந்த அறிக்கையில், வெடிப்பு எப்போது ஏற்பட்டது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை, பரிசோதனைப் பதிவை நம்புவதற்கில்லை என்று எழுதியிருந்தது. "தலைக்கு வந்தது தலப்பாவோட போச்சு, ஜெயிலுக்குப் போவல" என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆறுதல் சொன்னார்கள். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து அனுப்பினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் பூசைக்குப் போய் வந்த பிறகு, அம்மாக்கண்ணு அக்கா எங்கள் காம்பராவுக்கு வந்தாள். நிலக்ஷியையும் கூட்டி வந்திருந்தாள். பிள்ளை உள்ளே வரமாட்டேன் என்று வாசலிலேயே நின்றது. அம்மா உள்ளே படுத்திருந்தாள். நான் பாயை விரித்தேன், அக்கா உட்காரவில்லை.

"தம்பி, நான் ஒன்னயத் திட்ட வரல. அவருக்கு வேல வாங்கிக் குடுத்தவன் நீ. அத நான் மறக்கல" என்றாள்.

மிலான் எழுந்து நின்றான்.

"நீ தண்ணி எடுத்து, அது சரியா இருந்திருந்தா, எம் புருஷன் குடிச்சிட்டு ஏறித்தான் சாஞ்சதுன்னு சனம் பேசுறது சரியாப் போவுது. நீ எடுக்கலன்னா, அது ஏற்கனவே முழுகிக்கிட்டு இருந்திச்சின்னு ஆவுது. அவரு காப்பாத்தப் போயி செத்தாருன்னு ஆவுது. எது தம்பி?"

"எனக்குத் தெரியலக்கா."

"அங்க சொன்னத எங்கிட்ட சொல்லாத. நான் ஒண்ணும் எழுதிக்கிட்டுப் போவ வரல."

நான் குறுக்கே பேசினேன். "அக்கா, அவனுக்கு நெசமாவே ஞாபகம் இல்லக்கா. இருந்தா சொல்ல மாட்டானா?"

"நீங்க செத்த சும்மா இருங்க டீச்சரம்மா" என்றாள் அவள். அப்படி அவள் என்னிடம் பேசியதே இல்லை. "எம் புள்ள பள்ளிக்கூடம் போவ மாட்டேங்குது. குடிகாரன் மகளாம். ஒங்க வகுப்புலதான் சொல்றானுங்க. தம்பி, ஒன்னயக் கெஞ்சிக் கேக்குறேன். பாக்கலன்னு ஒரு வார்த்த சொல்லு. எனக்காக வேணாம். இந்தா நிக்குதே, இதுக்காகச் சொல்லு."

சொல்லாதேடா என்று நான் மனதுக்குள் கத்தினேன். வாசலில் நின்ற நிலக்ஷி தலைநிமிராமல் கதவு நிலையில் ஒட்டியிருந்த பழைய தேர்தல் ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"எடுக்கலக்கா" என்றான் மிலான்.

"புள்ளைக்குக் கேக்குற மாதிரிச் சொல்லு."

"நான் தண்ணி எடுக்கல. பின்னறையப் பாக்கவே இல்ல. பாக்காமத்தான் எழுதுனேன். அண்ணன்மேல ஒரு தப்பும் இல்ல."

பக்கத்துக் காம்பராக்களில் பேச்சு நின்றுபோனது. யாரோ ரேடியோவைக் குறைத்தார்கள். அம்மாக்கண்ணு அக்கா அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் நன்றி வரும் என்று நான் எதிர்பார்த்தேன், முட்டாள்தனம்தான். கெஞ்சி வாங்கிய சொல் அது என்பதை அவள் அந்த நிமிஷமே மறந்துவிட்டாள்.

"அப்ப நீதான்" என்றாள் மெதுவாக. "எங்கூட்டுச் சோத்தத் தின்னவன். அப்ப நீதானா."

பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள். இருட்டுவதற்குள் மேல் லயம், கீழ் லயம், கோயில், கடை எல்லா இடத்துக்கும் செய்தி போய்விட்டது. சின்னராசா அண்ணன் நல்லவராகிவிட்டார். எங்கள் வீட்டுக்குத் தண்ணீர் பிடிக்கப் பீலிக்கரைக்குப் போனால் பேச்சு நின்றுவிடுகிறது. கோயிலில் பூசை நேரம் எங்கள் வாங்கில் நாங்கள் மட்டும்தான் உட்காருகிறோம். திங்கட்கிழமை நிலக்ஷி பள்ளிக்கூடம் வந்தாள், முன் வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கொப்பியைத் திருத்திக் கொடுத்தபோது என் விரல் படாமல் நுனியைப் பிடித்து வாங்கிக்கொண்டாள். எனக்குக் கோபம் வரவில்லை, சந்தோஷமும் வரவில்லை. அடுத்த கொப்பியை எடுத்தேன்.

அன்று வீட்டுக்கு வந்ததும் பையைக்கூட வைக்காமல் மிலானிடம் போனேன். அவன் அம்மாவுக்கு வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தான்.

"பெரிய மனுஷன்னு நெனப்பா ஒனக்கு? அங்க அத்தன பேரு கேட்டப்ப தெரியாதுன்ன. இங்க வந்து ஒரு பொம்பள அழுதா பொய்யச் சொல்லித் தொலைக்கிற. நாளைக்கி இதையே கேஸா போட்டா?"

"பொய்யில்லக்கா."

"என்னடா பொய்யில்ல? ஞாபகம் இல்லன்னு நீதானடா சொன்ன?"

"அப்ப இல்ல." அவன் அடுப்பைக் கொஞ்சம் தணித்தான். "இப்ப ஞாபகம் வருது. போனப் பைக்குள்ள வச்சேன். நேரா வலது பக்கம் போயிட்டேன். அந்தப் பின்னறை மூடியத் தொறக்கவே இல்ல. நல்லா ஞாபகம் இருக்குக்கா."

தினமும் ஒரு வகுப்பறைப் பிள்ளைகள் என்னிடம் பொய் சொல்கிறார்கள். பொய் சொல்கிற முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். என் தம்பியின் முகத்தை வெகுநேரம் பார்த்தேன். அது பொய் சொல்கிற முகமாக இல்லை.